ரங்கூன் மழைக் கோடும் ஐயெல்ட்ஸ் ஆங்கிலமும்

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் பிரிவில், எழுத்துத் தாளின் முதல் கேள்வியாக லைன் கிராஃப் (கோட்டு வரைபடம்) வரும், அதை ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும் என்றதும், நம்ம ரங்கூன் பிள்ளைகள் 'ஸ்கைராக்கெட்டட்' (விர்ரென்று ஏறியது), 'ப்ளம்மெட்டட்' (சடாரென்று விழுந்தது) என்று கனமான வினைகளாகப் பார்த்து நெட்டுருப் போடுகிறார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கே இல்லை. பை, டு, அட், ஆஃப், இன் என்ற பொடிச் சொற்களில்தான்.

நம்ம ஊர் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் திருவிழா வரும் ஏப்ரலில் சராசரி மழை 50 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. மே மாதம் 300-ஐ எட்டிவிடும். ஜூலையில் 600-ஐ ஒட்டி உச்சம். நவம்பரில் மறுபடி 100-க்குக் கீழே.

கணக்குக்காக ஏப்ரல் 40, மே 300 என்று வைத்துக்கொள்வோம். 'ரைசஸ் பை 260' என்றால் கூடிய அளவு. 'ரைசஸ் டு 300' என்றால் போய் நின்ற இடம். 'ரைசஸ் டு 260' என்று எழுதினால் இலக்கணத்தோடு தகவலும் தப்பு, இரண்டு பக்கமும் அடி விழும். இதையே பெயர்ச்சொல்லாக எழுதினால் 'எ ஷார்ப் இன்க்ரீஸ் ஆஃப் 260 மில்லிமீட்டர்ஸ் இன் ரெயின்ஃபால்'. அளவுக்கு ஆஃப், எது கூடியதோ அதற்கு இன். வினையோடு 'ஷார்ப்லி', பெயரோடு 'ஷார்ப்'.

உச்சத்துக்கு 'பீக்ஸ் அட் 600' அல்லது 'ரீச்சஸ் எ பீக் ஆஃப் 600'. கோடு படுத்துவிட்டால் 'லெவல்ஸ் ஆஃப்'. இந்த ஆஃப்-க்கு இரண்டு எஃப். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரையுள்ள பகுதியைப் பார்த்ததும் பலர் 'ஃப்ளக்சுவேட்ஸ்' என்று போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் அது ஃப்ளக்சுவேட் ஆகாது. ஏறி இறங்கி ஏறி இறங்க வேண்டும்.

காலமும் கவனிக்க வேண்டியது. மாதச் சராசரிப் படத்தில் ஆண்டு இருக்காது, அதனால் நிகழ்காலம்: 'ரைசஸ்', 'ஃபால்ஸ்'. 1990 முதல் 2010 வரை என்று இருந்தால் 'ரோஸ்', 'ஃபெல்'. 'ரெய்ஸ்டு' என்றால் யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். 'ஃபெல்ட்' என்றால் உணர்ந்தார்கள். இந்த இரண்டும் விடைத்தாளில் வந்துகொண்டே இருக்கும் தவறுகள்.

சதவீதப் படத்தில் இன்னொரு குழி. 20 சதவீதம் 30 ஆனால், கூடியது 10 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. 'பை 10 பர்சென்ட்' என்று எழுதினால் 22 என்றுதான் ஆகும். உண்மையில் ஏற்றம் 50 பர்சென்ட்.

அறிமுக வாக்கியத்துக்கு அடுத்தே ஓவர்வியூ, அதாவது படத்தின் மொத்தப் போக்கு, எழுதிவிடுங்கள். இரண்டு வாக்கியம் போதும், எண் வேண்டாம்: ஆண்டின் நடுவில் மழை குவிகிறது, தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய வறண்டவை. இது இல்லாத விடைக்கு, உள்ளடக்கத்துக்கான பேண்ட் (9 வரையுள்ள மதிப்பெண் நிலை) 5-ஐத் தாண்டுவது கடினம். பருவக்காற்று ஏன் வருகிறது என்று நமக்குத் தெரியும்தான், ஆனால் படத்தில் இல்லாத காரணத்தை எழுதக் கூடாது. குறைந்தது 150 சொற்கள், 20 நிமிடம். அதற்கு மேல் இதில் உட்காராதீர்கள், இரண்டாம் கேள்விக்கு இதைப்போல இரு மடங்கு மதிப்பு.