கோடு நேராக வேண்டாம்

ஸ்பீக்கரின் ஒலியை மைக்கால் அளந்து ஈக்யூ போட, அதாவது அலைவரிசைகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய, இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆசைதான், எல்லா அலைவரிசையும் ஒரே அளவில் ஒலிப்பதாகக் கிராஃபில் கோடு நேராக வரவேண்டும். வீட்டு அறையில் அது வேண்டாம் என்பது என் கட்சி.

அளப்பதற்கான ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 மாதிரி ஓர் அளவீட்டு மைக், அந்த மைக்கின் பிழையைத் திருத்தும் கேலிபரேஷன் ஃபைல், இவ்வளவு போதும். மைக்கைக் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிக்கொண்டே போகும் ஸ்வீப் ஒலியை ஓட்டுங்கள். அருமையான ஸ்பீக்கர்கூட பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிப் பகுதியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும்.

அதில் பெரும்பங்கு அறையின் வேலை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அறை நீளம் 4 மீட்டர் என்றால் 343-ஐ அதன் இரு மடங்கான 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 43 ஹெர்ட்ஸ் வரும், அங்கேயும் அப்புறம் 86, 129 என்று அதன் மடங்குகளிலும் ஒலி இரு சுவர்களுக்கு நடுவே நிலை அலையாகத் தங்கிவிடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த 43 திம்மென்று அமுக்கும், சரியாக நடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய கேட்கவே கேட்காது.

மேட்டை ஈக்யூவால் தாராளமாகக் குறைக்கலாம். பள்ளத்தை மட்டும் ஏற்றாதீர்கள், தயவுசெய்து. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை அடித்துவிடுவதால் உண்டான பள்ளம் அது. நீங்கள் கூட்டக் கூட்டத் திரும்பி வருவதும் அதே அளவு கூடும், பள்ளம் அப்படியே இருக்கும், 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் மட்டும் 10 மடங்கு பவரைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரையோ நாற்காலியையோ கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்கு மேலே விஷயமே வேறு. நேராக வருவதையும் சுவரில் பட்டு வருவதையும் மைக் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது, காது அப்படிக் கேட்பதில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து ஆட்களைக் கேட்கவைத்தபோது அவர்கள் விரும்பியவை, எதிரொலி இல்லாத அறையில் நேர் எதிரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்த ஸ்பீக்கர்கள். அப்படிப்பட்டதை வீட்டில் வைத்து அளந்தால் கோடு பேஸிலிருந்து ட்ரெபிள் என்கிற உயர்ந்த ஒலிப் பக்கம் மெல்லச் சரியும், ஏனென்றால் மேல் அலைவரிசைகள் அறையெங்கும் பரவாமல் முன்பக்கமாகவே பாய்கின்றன. அந்தச் சரிவைப் பிடித்து நேராக்கினால் டிரம்ஸின் சிம்பல் ஓசை காதைக் கிழிக்கும், பாடுகிறவர் குரல் மெலிந்துபோகும்.

ஆகவே 300-க்குக் கீழே, உட்காரும் இடத்தைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளந்து, எல்லாவற்றிலும் தெரிகிற மேடுகளுக்கு மட்டும் அவற்றைக் குறைக்கும் ஈக்யூ ஃபில்டர் போடுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு அதைச் செய்ய ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் போதும்.