இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஈஸ்டர் லீவு

ஏப்ரல் 14, திங்கள்

பிள்ளைகளுக்கு லீவு, அத்தை வேறு திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார், வீட்டிலேயே உட்கார வைத்தால் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிடும் என்று காலையிலேயே அயன்பிரிட்ஜ் கிளம்பிவிட்டோம். உலகத்தின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் இது. 1779ல் செவெர்ன் ஆற்றின் மேல் நிறுத்தி, 1781 புத்தாண்டு அன்று திறந்துவிட்டார்கள். டார்பி குடும்பத்தில் தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேருக்கும் ஆபிரகாம் என்றே பெயர், மூன்று பேருக்கும் இரும்பு வார்ப்பதுதான் தொழில், பாலம் பேரன் காலத்து வேலை. மேலே நடந்துவிட்டுப் போனால் ஒன்றுமே தெரியாது, கரையில் இறங்கி அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய இரும்பை எப்படி இணைப்பது என்று அதற்கு முன்னால் யாருக்கும் பழக்கமில்லை, அதனால் தச்சர் செய்கிற மாதிரியே துளையும் கழுந்துமாகக் கோத்து ஆப்பு அடித்திருக்கிறார்கள். "இரும்ப மரம்னு நெனச்சுல்லா வேல பாத்திருக்கான்" என்றார் அத்தை.

பழைய சுங்கக் கட்டணப் பலகை இன்னும் இருக்கிறது. சிப்பாய், தபால் வண்டி, ஏன், ராஜ குடும்பமே வந்தாலும் காசு கட்டத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம்ம ஊர் டோல்கேட்டில் யார் யாருக்கு விலக்கு என்று ஆளுயரத்துக்குப் பட்டியல் மாட்டியிருப்பார்களே, அது ஞாபகம் வந்து இவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 16, புதன்

ஸ்டோக்ஸே கோட்டை. கோட்டை என்றதும் பொடியன் பீரங்கி எங்கே என்று ஆரம்பித்துவிட்டான். கட்டியது ராஜா இல்லை, லாரன்ஸ் என்ற லட்லோ ஊர்க் கம்பளி வியாபாரி. கோட்டை மாதிரி கொத்தளம் வைத்துக்கொள்ள 1291ல் முதலாம் எட்வர்டிடம் அனுமதி வாங்கியிருக்கிறார், ஆனால் கூடத்து ஜன்னல்களைப் பார்த்தால் எதிரிக்குப் பயந்தவர் வைத்தது போலவே இல்லை, அவ்வளவு பெரிசு. பணக்காரர் கட்டிய பெரிய வீடு என்றுதான் நான் சொல்வேன். மாடி அறைக் கணப்பின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல், அங்கிருந்து கீழே கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். மகள் அங்கேயே நின்றுகொண்டு தம்பியை வேவு பார்த்தாள். பாவம் அந்த மனுஷன், 1294ல் கம்பளியோடு கடலில் போகும்போது கப்பல் மூழ்கிச் செத்துப்போனார்.

அப்புறம் லட்லோ. ஒரே மழை, காரை விட்டு இறங்கவே இல்லை.

ஏப்ரல் 19, சனி

இன்றைக்குப் போனது மிட்சல்ஸ் ஃபோல்டு. வேல்ஸ் எல்லையை ஒட்டிய மேட்டு நிலத்தில் வெண்கலக் காலத்துக் கல்வட்டம், மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. டிக்கெட் இல்லை, கடை இல்லை, கழிப்பறையும் இல்லை, அதை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போவது நல்லது. சுற்றிலும் குட்டிகளோடு ஆடுகள். காற்று தட்டைப் பறித்துக்கொண்டு போகிறது, காருக்குள்ளேயே சாப்பிட்டோம்.

இந்தக் கற்களுக்கு ஒரு கதை உண்டு. பஞ்ச காலத்தில் ஒரு வெள்ளைப் பசு இங்கே வந்து நிற்குமாம், ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று எத்தனை பேர் வந்தாலும் பால் கொடுக்குமாம். ஒரு சூனியக்காரி சல்லடையை வைத்துக் கறந்தாளாம், அது எங்கே நிறைவது? பசு போயே போய்விட்டது, அவளைக் கல்லாக்கிவிட்டார்கள். "காமதேனு இந்தக் குளிர்ல எப்படி நின்னுச்சு?" என்று அத்தை கேட்க, பிள்ளைகள் இரண்டும் எந்தக் கல் சூனியக்காரி என்று சண்டை பிடித்துக்கொண்டே கார் வரை வந்தார்கள். உயரமான கல் என்கிறாள் அவள். குட்டைக் கல்தானாம், கறக்க உட்கார்ந்திருந்தாளாம், இது அவன் கட்சி.