39 பிள்ளைகளும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும்

தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். புதிதாக இந்தப் பாடம் கிடைத்திருக்கும் டீச்சர்மார், சேர்மாருக்கு எனக்குக் கைகொடுத்த ஒரு செயற்பாட்டைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எப்போது என்று கேட்டால் பிள்ளைகள் ‘1964 ஒக்டோபர் 30’ என்று டக்கென்று சொல்வார்கள், அதற்கு மேல் ஒன்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தங்கள் பாட்டன் பாட்டியின் கதை அது என்றே தெரியாது. அந்த ஒப்பந்தம் பேசியது இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைப் பற்றி. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு 25,000 பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 39 பிள்ளைகள் வரும். என் வகுப்பில் 36 பேர், பக்கத்து வகுப்பிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டேன்.

மைதானத்தில் ஒரு கோடு கீறி, சீட்டுக் குலுக்கி, 21 பேரை அந்தப் பக்கமும் 12 பேரை இந்தப் பக்கமும் நிறுத்தினேன். ஆறு பேர் கோட்டின் மேலேயே. ஒரே லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வரும் இரண்டு பிள்ளைகள், எப்போதும் கைகோர்த்துக்கொண்டு திரிகிறவர்கள், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அதுவரைக்கும் இருந்த சிரிப்புச் சத்தம் அப்போதுதான் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டில் நின்ற ஒருவன், “டீச்சர், நாங்க எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?” என்றான். பத்து வருசம் என்றேன். 1974இல்தான் அந்த ஆறு பேரையும் மூன்று மூன்றாகப் பிரித்தார்கள்.

உண்மையில் சீட்டுக் குலுக்கவில்லை, குடும்பம் குடும்பமாக விண்ணப்பம் போட்டார்கள் என்பதை உடனே சொல்லிவிடுங்கள். ஆனால் எண்ணிக்கையை முடிவு செய்தது இரண்டு அரசாங்கங்கள்தான், அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் கேள்விகள் தானாக வரும். ஏன் இந்த நிலைமை என்றால் அவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம், அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்றால் கோப்பி, கோப்பி எங்கே போனது என்றால் 1869இல் வந்த இலை நோய், அதற்கு இரண்டு வருசம் முந்தி கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை. இப்படிப் பின்னோக்கிப் போனால் நாட்டு வரலாறும் தோட்டத்து வரலாறும் ஒரே கயிறாகிவிடுகிறது. வகுப்புக்குத் திரும்பியதும் காரணம், நிபந்தனை, விளைவு என்று மூன்று பந்தி எழுத வையுங்கள், சாதாரண தரப் பரீட்சைக்கும் அதுவே பயிற்சி.

நான் விட்ட பிழை ஒன்று. வீட்டிலிருக்கும் பழைய குடியுரிமைப் பத்திரத்தைக் கொண்டு வரச் சொன்னேன். மழையில் ஒரு பிள்ளையின் பத்திரம் நனைந்து மை கரைந்துவிட்டது, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அசலைக் கேட்கவே வேண்டாம், பார்த்து எழுதி வந்தால் போதும். இந்தியாவில் எந்த ஊர் என்றும் வகுப்பில் சத்தமாகக் கேட்காதீர்கள், பேச்சு சாதியில் போய் நிற்கும், ஒரு பிள்ளை கூனிக்குறுகிவிடும்.

மழை நாளில் மைதானம் சரிவராது. 39 புளியங்கொட்டையும் மேசையில் சோக்கால் ஒரு கோடும் இருந்தால் போதும்.