வேப்பங்கட்டைக்குள் ஒரு செல் துண்டு

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது கிரிக்கெட் மட்சைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் அதை எழுத என்னைவிட நன்றாக விளையாடினவர்கள் இருக்கிறார்கள். நான் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த சித்திர சேரைப் பற்றி எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் லண்டன் டேற் மொடேண் கலைக்கூடத்துக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே இத்தாலியச் சிற்பி ஜூசெப்பே பெனோனேயின் ‘12 மீட்டர் மரம்’ என்ற சிற்பம். அறுத்துச் சதுரித்த ஒரு மரத்தூணை எடுத்து, உள்ளே ஒரு வளர்ச்சி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு வெளியே உள்ளதையெல்லாம் செதுக்கி எடுத்திருக்கிறார். அந்த மரம் இளசாக இருந்தபோது எப்படி நின்றதோ அப்படியே உள்ளிருந்து வந்துவிட்டது. கணுக்கள் கிளைகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

“அப்பா, பனையிலயும் இப்பிடிச் செய்யலாமா?” என்றாள் மகள்.

முடியாது. பனைக்கு வளையம் இல்லை. கெட்டியான வைரம் முழுக்க வெளியே, நடுவில் வெறும் மெத்தென்ற சோத்தி. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்தது புல்லுக்கு நடுவில்! இதையும் முதலில் சொன்னவர் சித்திர சேர்தான். தமிழ்ப் பாடத்தில் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை.

1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது சித்திர அறையில் ஒரு பெயின்ற் டப்பாகூட இல்லை. சேர் மரக்காலையில் கேட்டு வாங்கின வேப்பங்கட்டைகளை ஒரு மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்த கட்டையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவைச் செதுக்கத் தொடங்கினேன். முகம் சரியாக வரவில்லை, அது வேறு கதை. தோளுக்கு வந்தபோது கொட்டாப்புளியை ஓங்கிப் போட்டேன், ‘ணங்’ என்று சத்தம். உளியின் வாய் உடைந்துவிட்டது. பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் சிதறல், சுற்றிவர மரம் கறுத்துப் போயிருந்தது. மேலே பட்டையில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை.

உளிக்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன். சேர் குனிந்து கன நேரம் பார்த்தார். “மரம் இதை வெளியில தள்ளேல்ல, விழுங்கிட்டுது. நீயும் தோண்டாதை. அதை விட்டிட்டுச் சுத்திச் செதுக்கு.”

பெனோனே 1968இல் ஒரு இளமரத்தைத் தன் கை பிடித்திருப்பதுபோல உலோகக் கை ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். மரம் வளர வளர அந்தக் கையை மூடிக்கொண்டே பருத்தது. அவர் வேண்டுமென்று செய்த வேலை அது. எங்கள் வேம்பிடம் யாரும் கேட்கவில்லை. சேருக்குப் பெனோனேயைத் தெரிந்திருக்குமா என்று இப்போது கேட்கவும் வழியில்லை, அவர் காலமாகிவிட்டார்.

கடைசியாக ஊருக்குப் போனபோது கல்லூரிக்கும் போனேன். சித்திர அறைக் கதவு காற்றில் அடிபடாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். என்னுடைய அம்மாதான். தோளைத் தடவிப் பார்த்தேன். துரு விரலில் ஒட்டியது.