மழை விட்டும் சிக்னல் வரவில்லையா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயர்லெஸ் மக்கர் பண்ணினால் உடனே செட்டைப் பிரிக்காதீர்கள். மழை விட்டபின் எவ்வளவு நேரத்தில் சிக்னல் திரும்புகிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

மழை குறைந்ததுமே சரியானால் அது மழைத்துளியின் வேலை. பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் இந்தத் தொல்லை. டிடிஎச் படம் நிற்பது இதனால்தான். ஹாம்களின் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) 145 மெகாஹெர்ட்ஸையும் படகு வயர்லெஸ்ஸின் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலையும் மழைத்துளி ஒன்றும் செய்யாது.

இலையின் ஈரம் காய்ந்தபின் சரியானால், தடுப்பது மரம். அடர்ந்த தழைக்குள் 10 மீட்டர் கடக்க 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.5 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) போகும், 5.8 கிகாஹெர்ட்ஸில் 7க்கு மேல். நனைந்தால் இன்னும் கூடும். 5 வாட்டை 10 ஆக்கினாலும் கிடைப்பது 3 டெசிபெல்தான். ஆன்டெனாவை மரத்தலைக்கு மேலே ஏற்றுவதே சரி. தண்டையார்பேட்டையில் மாடிக்கு மாடி வயர்லெஸ் லிங்க் போடுகிறவர்கள், வேம்பு இலை கொட்டி நிற்கும் மாசி, பங்குனியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கோடை மாலையும் ஏமாற்றும். கடல்காற்றின் ஈரமான குளிர்ந்த அடுக்குமேல் நிலத்தின் சூடான வறண்ட காற்று படியும்போது அலை கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். காசிமேட்டில் 15 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கும் படகில் 4 மீட்டர் ஆன்டெனாவுக்கும் வழக்கமான எல்லை சுமார் 24 கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கேட்டால் ஆன்டெனாவை மெச்சாதீர்கள்.

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தும் சரியாகவில்லையா? ஆன்டெனா கேபிளின் கனெக்டரைக் கழற்றுங்கள். எண்ணூர், திருவொற்றியூர் உப்புக்காற்றில் இதுதான் அதிகம். வழக்கமாகப் போடும் பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. கேபிள் உறைக்குள் இருக்கும் பின்னல் கம்பி வழியே ஈரம் உள்ளே ஏறி, செம்பு கறுத்துவிடும். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் ஓட்டுக்கூரை மாதிரி தண்ணீர் வழிந்து போகும். வெயிலுக்காக அதன்மேல் பிவிசி டேப் ஒரு சுற்று. கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நனைந்த கேபிள் திரும்பிவரும் அலையையும் விழுங்குவதால் அளவு அழகாகவே காட்டும். கேபிளின் ஆன்டெனா முனையில் பவர் மீட்டரும், ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடும் மாட்டிப் பாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் கொடுத்தால், 20 மீட்டர் ஆர்ஜி-213 கேபிளில் ஆறரை வாட் வர வேண்டும். மூன்றுதான் வந்தால் கேபிளையே மாற்றுங்கள்.