மாடியில் கள்ளிமுளையான் வளர்ப்போம்

அடீனியம் வாங்க அலைகிற சென்னை மாடித்தோட்டக்காரர்கள் அதில் பாதி ஆசையைக் கள்ளிமுளையான் மேல் வைத்தால் போதும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துச் செடி. கள்ளிமுளையானோ நம் வறண்ட மாவட்டங்களின் பொட்டல் காட்டிலும் பாறை இடுக்கிலும் முள்புதர் நிழலிலும் தானாக வளர்வது. கோரமண்டல் கரைத் தாவரங்களைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் 1795இல் எழுதியபோதே இதற்குப் படம் போட்டு விவரித்துவிட்டார்.

பார்த்தால் இலையே இருக்காது, நாலு பட்டையாகப் பச்சைத் தண்டு மட்டும்தான். ராத்திரியில் துளைகளைத் திறந்து காற்றை வாங்கி, பகலில் மூடிக்கொண்டு ஈரத்தைக் காப்பாற்றும். தண்டு நுனியில்தான் பூ: கருஞ்சிவப்பாக ஐந்து இதழ், சில வகைகளில் இதழ் ஓரமெல்லாம் மெல்லிய ஊதா மயிர், லேசாகக் காற்றடித்தாலே அந்த மயிர் நடுங்கும். மூக்கை வைத்தால் அழுகல் வாடை. அது ஈக்களுக்கான அழைப்பு. இதன் மகரந்தம் தூளாகக் கொட்டாது, மெழுகுக் கட்டியாக இருந்து வருகிற ஈயின் மேல் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். அப்புறம் இரட்டைக் கொம்பாகக் காய், வெடித்தால் எருக்கம் பஞ்சு மாதிரி விதை பறக்கும். எருக்கும் இதே குடும்பம்தான்.

ஆடு மேய்க்கப் போகிறவர்கள் பசி தெரியாமலிருக்க இதைப் பச்சையாக மெல்வார்கள். வீட்டில் ஓர நாரைச் சீவி, நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, புளி, மிளகாய், உளுந்து வைத்துத் துவையல் அரைக்கலாம், லேசான கசப்போடு அருமையாக இருக்கும். ஒன்று முக்கியம்: ஒடித்தால் வெள்ளைப் பால் வடிந்தால் அது வேறு கள்ளி, வாயிலும் வைக்காதீர்கள், கண்ணிலும் படவிடாதீர்கள். உடம்பு இளைக்க மாத்திரையாகவும் இதை விற்கிறார்கள், அதை நம்பிப் பணம் போட எனக்கு மனம் வரவில்லை.

வளர்ப்பது சுலபம். ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவைத்து, பாதிக்கு மேல் மணல் கலந்த செம்மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும். நம் வெயில் பிரச்சினையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எமன், அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிடும், அதனால் அந்த இரண்டு மாதமும் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். காட்டில் போய் வேரோடு பிடுங்கி வர வேண்டாம், வளர்க்கிறவரிடம் ஒரு துண்டு கேட்டாலே சந்தோஷமாகக் கொடுப்பார்.