குரல் ஓய்வு

ஜூலை 15, 2024, திங்கள்

நாளை காலை ஏழு மணிக்குத் தொண்டை ஆபரேஷனுக்கு அட்மிஷன். இரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. அம்மா பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். நான் மாடிக்குப் போய், எங்கள் ராக் பேண்டின் கடைசிப் பாட்டின் முடிவை ஒரு தடவை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். உச்சிக்குப் போகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. குரல்நாண் அதிர்வதைப் படமாகக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபியில் டாக்டர் காட்டியது கண்ணைவிட்டுப் போகவில்லை. இடது குரல்நாணின் ஓரத்தில் சிவப்பாக, அரிசியளவுக்கு ஒரு பாலிப், சின்னச் சதைக்கட்டி. அது இருக்கும்வரை இரண்டு நாணும் முழுசாகச் சேராது.

ஜூலை 16

முடிந்தது.

ஜூலை 17

டாக்டர் சொல்லும்வரை மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது, செருமவும் கூடாது. அம்மா ஒரு ஸ்லேட்டு வாங்கி வந்திருக்கிறார். வெட்டியதைப் பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடிவதற்கு முன்பே தெருமுனைக் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி. ராக் என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்பே எனக்கு இந்தக் குரல் தெரியும். கோரஸ் பாடித் தொடங்கியவர். ஓட்டை ஸ்பீக்கரிலும் ஒவ்வொரு எழுத்தும் தெறித்து விழுகிறது. படுத்தபடியே கேட்டேன். தொண்டை தானாக அசைந்தது, கையால் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா கூழ் கொண்டுவந்து கொடுத்தார். மதியம் சின்னம்மா போனில்: “கத்திக் கத்தித்தான் இப்படி ஆச்சு. மெலடியா பாடிட்டு இருந்தா இது வந்திருக்குமா?” அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் ஸ்லேட்டில் எழுதி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

கத்தியதால் வந்ததல்ல. இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் கல்லூரி மேடையில் சவுண்ட் செக்குக்கே நேரம் தரவில்லை. இரண்டாவது பாட்டில், என் குரலை எனக்குக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் செத்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ், காதோரம் கிட்டார் ஆம்ப், என் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் தொண்டை தன்னால் அழுத்தும். மிக்ஸரில் இருந்தவருக்குக் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாள் காலை குரலே இல்லை. நாணில் ரத்தம் கசிந்து, அதிலிருந்துதான் பாலிப் வந்திருக்கும் என்கிறார் டாக்டர். ஏற்பாடு செய்தவர்கள் பாக்கிப் பணத்தை இன்னும் தரவில்லை.

ராக்கில் வரும் அந்தக் கரகரப்பைப் பெரும்பாலும் நாணுக்கு மேலே இருக்கும் போலி நாண்களை வைத்து எடுக்கிறோம். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். இரும்புப் பட்டறையில் வேலை செய்பவருக்குக் கையில் அடிபட்டால் “ஏன் பட்டறைக்குப் போனாய்” என்று கேட்பார்களா?

ஜூலை 22

தூக்கம் வரவில்லை. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ ஜூலி ஆண்ட்ரூஸ், 1997. தொண்டையில் ஆபரேஷன், பாடும் குரல் போனது போனதுதான். திரும்பத் திரும்ப அதையே படிக்கிறேன்.

ஜூலை 25

புற்று இல்லை. அம்மா வாய்விட்டு அழுதார். எனக்கு அழவும் பயம்.

ஜூலை 26, வெள்ளி

பேசலாம், கொஞ்சமாக.

வெயிட்டிங் ஹாலில் பக்கத்தில் ஒரு டீச்சர். நெரிசலான வகுப்பு, மைக் கிடையாது, மேலே கடகடக்கும் ஃபேன். இரண்டு நாணிலும் முடிச்சு. இங்கே வருபவர்களில் டீச்சர்கள் நிறைய என்று நர்ஸ் சொன்னார். அவரிடம் யாரும் “கத்தாமல் இருந்திருக்கலாமே” என்று சொல்வதில்லை.

பயிற்சி: ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, குமிழி வர ‘ஊ’ என்று ஊத வேண்டும். முதல் சத்தம் வந்தது. என் குரல்தான்!

ஜூலை 29, திங்கள்

ஸ்டுடியோவிலிருந்து டிராக் பாடக் கூப்பிட்டார்கள். முடியாது என்றேன். வேறொருத்தியைக் கூப்பிட்டிருப்பார்கள், தப்பில்லை. ஆனால் இந்த வீட்டு வாடகையைக் கட்டியது டிராக்கும் கோரஸும்தான். ராக் ஒரு மாதமும் கட்டியதில்லை. நான் பாடிய டிராக்கை அழித்துவிட்டு வேறு குரல் வைப்பார்கள், நான் பணம் வாங்கிக்கொண்டு ஜாம் செஷனுக்கு ஓடுவேன். ஆடியில் கல்யாண ரிசப்ஷனும் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் இன்னொரு காகிதம் கேட்கிறார்கள்.

ஜூலை 31

பேண்டில் கூட வாசிப்பவன், முன்பு இந்த வீட்டிலும் கூட இருந்தவன், அவன் மெசேஜ்: “எல்லாப் பாட்டையும் சுருதியில அரைக் கட்டை இறக்கிடலாமா? ஸ்டிரிங்கை இறக்கி ட்யூன் பண்ணிட்டா போதும். யாருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியும். நல்ல மனதோடுதான் கேட்கிறான். வீட்டை விட்டுப் போனபோதும் இப்படித்தான் மென்மையாகக் கேட்டான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. போனைத் திறந்ததும் அமெரிக்க ராக் பேண்ட் ஏரோஸ்மித் பற்றிய செய்தி. இனிமேல் டூரே கிடையாதாம். போன செப்டம்பரில், விடைபெறும் பயணத்தின் மூன்றாவது ஷோவில், நியூயார்க் பக்கத்தில் அவர்கள் பாடகர் ஸ்டீவன் டைலரின் குரலுக்கு அடி. குரல்வளையில் முறிவு என்று அப்புறம் தெரிந்தது. இத்தனை மாதம் பார்த்துவிட்டு, முழுசாகக் குணமாக வழியில்லை என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். 76 வயது. 1970இல் தொடங்கிய பேண்ட்.

இன்னொரு ராக் பாடகர் பான் ஜோவிக்கு ஒரு நாண் மெலிந்துபோய் 2022இல் ஆபரேஷன். உள்ளே செயற்கைத் துண்டு வைத்து நாணை நகர்த்தியிருக்கிறார்கள். இந்த ஜூனில் புது ஆல்பம் வந்துவிட்டது, டூர் இன்னும் இல்லை. குயீன் பேண்டின் ஃப்ரெடி மெர்க்குரிக்கு 1975 அமெரிக்கப் பயணத்திலேயே நாணில் முடிச்சு வந்து ஷோக்கள் ரத்தாகின. அப்புறமும் பாடினார், என்னென்ன பாடினார்! மூவரையும் காலையிலிருந்து மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஃப்ரெடி கணக்குதான் வேண்டும்.

அம்மாவிடம் டைலர் விஷயத்தைச் சொன்னேன். “யாருடி அவர்?” என்றார். கொஞ்சம் கழித்து, “பாவம், பாடறவருக்கு வேற என்ன இருக்கு” என்றார்.

ஆகஸ்ட் 4

நாள் முழுக்கக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மறுபடி ஸ்ட்ரோபோஸ்கோபி. ஓரம் நேராகிவிட்டது. வெட்டிய இடத்தில் மட்டும் விறைப்பு, நாண் அதிரும் அலை அங்கே வந்ததும் தயங்குகிறது. செப்டம்பர் பெங்களூர் மேடை வேண்டாம், நவம்பரில் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் ஸ்ருதி பெட்டி வைத்துப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டையில் முழுப்பாட்டும் வருகிறது. ஆறு கட்டையில் உச்சியில் சொரசொரப்பு. நாளைக்கு மறுபடி... வேண்டாம். டாக்டர் சொன்ன அளவுதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெங்களூருக்கு வேறு பெண்ணைப் பாட வைக்கிறார்கள். என் வரிகளை அவளுக்கு நானே டைப் பண்ணி அனுப்பினேன், மூச்சு எடுக்கும் இடங்களையும் குறித்து.

நவம்பருக்கு என் பட்டியலைக் குரூப்பில் போட்டுவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு மானிட்டர். சவுண்ட் செக் முழுசாக, எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் அட்வான்ஸ். மானிட்டர் செத்தால் பாட்டை நிறுத்துவேன், யாரும் முறைக்கக் கூடாது. அரைக் கட்டை இறக்கலாம், சரி. கடைசிப் பாட்டை மட்டும் இறக்க விடமாட்டேன். அவன் “பார்க்கலாம்” என்கிறான். நாளைக்குப் பத்து மணிக்குப் பேஸ் வாசிப்பவன் வீட்டில் பேசுகிறோம்.